ராஜராஜன் வெட்டிய பெயர் பிரகதீஸ்வரரா, பெருவுடையாரா?

“தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் ‘பெருவுடையார்’ என்றுதான் பொறித்தான், பின்னால் வந்தவர்கள் அதை அழித்து ‘பிரகதீஸ்வரர்’ ஆக்கிவிட்டார்கள்” என்று ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இல்லைங்க. அவன் கல்வெட்டில் இரண்டு பெயருமே கிடையாது, இரண்டும் பிற்கால வழக்கு.

விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) அடிப்பகுதியில் இருக்கும் வாசகம் இது: “நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார்க்கு நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்...”. அதாவது தான் எழுப்பிய கற்கோயிலுக்கு (திருக்கற்றளி) ராஜராஜீஸ்வரம் என்று தன் பெயரையே வைத்து, அந்தக் கோயிலை உடையவர் என்றே இறைவனைச் சொல்கிறான். (குடுத்தனவும் என்ற பேச்சு வழக்கைக் கல்லிலேயே பார்க்கும்போது ஒரு சந்தோஷம்!) அப்புறம் செப்புத் திருமேனிகளுக்குத் தனிப் பெயர்கள்: ஆடவல்லார், தட்சிணமேருவிடங்கர், தஞ்சைவிடங்கர். இதில் ஆடவல்லான் என்பது நடராஜர் மட்டுமல்ல, கோயிலுக்குக் கொடுத்த பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் அதே பெயர்தான். நகைகளை நிறுத்த கல்லுக்குப் பெயர் தட்சிணமேருவிடங்கன்.

தமிழும் வடமொழியும் இப்படிக் கலந்தே கல்லில் இருக்கின்றன, அதை வைத்துச் சண்டை போட அங்கே ஒன்றுமில்லை. இந்தக் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன, பகிர்வதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம்.