சொந்த வீட்டுக்குள் உதைத்துக்கொண்டு நுழைகிறேன்

புதுக் கதவு மாட்டி ஒன்றரை மாதம் ஆகிறது. இன்று காலையும் பால் பாக்கெட்டோடு வந்து, சாவியைத் திருப்பி, இன்னொரு கையால் கைப்பிடியை மேலே தூக்கி, முழங்காலால் அடியில் ஒரு உதை விட்டபிறகுதான் உள்ளே வர முடிந்தது. எதிர்வீட்டு அக்கா கோலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார். திருடன்கூட இதைவிட மரியாதையாக நுழைவான்.

இது கடையில் வாங்கிய மரமாக இருந்தால் இவ்வளவு வயிறு எரியாது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்ததே, அதில் பண்ருட்டிப் பக்கம் ஆயா வீட்டுக் கொல்லையில் சாய்ந்த பலா. மாமா அதை அறுத்துப் பலகையாக்கி, மாட்டுக்கொட்டகையில் அடுக்கி, பத்து வருஷத்துக்கு மேல் காயவைத்தார். மிருதங்கம் செய்கிறவர்கள் தேடிவந்து வாங்கும் பண்ருட்டிப் பலா ஐயா அது!

கதவு செய்ததில் ஆசாரியைக் குறை சொல்லமாட்டேன். இழைப்பு அவ்வளவு நேர்த்தி. பூட்டு எப்போது என்று கேட்டேன். “பாலிஷ் முடியட்டும் சார், அப்புறம் வந்து போட்டுத் தரேன்.” அங்கேதான் சனி பிடித்தது. பூட்டுக்கு முதலில் குழி வெட்டி, மாட்டிப் பார்த்து, சரியாக விழுந்தால் கழற்றி வைத்துவிட்டுத்தானே பாலிஷ்காரரைக் கூப்பிட வேண்டும்? இது எனக்கு இப்போது தெரிகிறது. முப்பது வருஷமாக உளி பிடிக்கிறவருக்கு அன்றைக்கே தெரியாதா?

பாலிஷ்காரர் வந்தார். பலாவைப் புதிதாக இழைத்தால் சுளை மாதிரி மஞ்சளாகத்தான் இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுத் தானாகவே செம்பழுப்பாக மாறும். ஆயா வீட்டு ஊஞ்சல் பலகை அப்படித்தான் மாறியது. அந்த நிறத்துக்காகத்தான் இந்த மரமே. நான் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் மொத்தக் கதவுக்கும் வால்நட் கலர் அடித்து முடித்திருந்தார். “மஞ்சளா இருந்தா மதிப்பா தெரியாது சார்.” யார் கேட்டது உங்களை? அதுவும் உப்புத்தாளை நாரோட்டத்தோடு தேய்க்காமல் குறுக்கே தேய்த்திருக்கிறார். சாயம் ஏறியதும் ஒவ்வொரு கீறலும் பூனை பிறாண்டியது போலக் கறுப்பாக எழுந்து நிற்கிறது. கதவைக் கழற்றாமல் மாட்டியபடியே அடித்ததால் அடிவிளிம்பில் ஒரு சொட்டு பாலிஷ் இல்லை. ஐப்பசி மழை சும்மா விடுமா? வெறும் மரம் தண்ணீரைக் குடித்து உப்பி, வாசற்படியை உரசுகிறது. உதைக்குக் காரணம் அதுதான்.

நாலு போனுக்குப் பிறகு, பதினெட்டாம் நாள் ஆசாரி பூட்டோடு வந்தார். பாலிஷ் போட்ட கதவில் உளி வைத்தால் என்ன ஆகும்? வழுக்கியது. இரண்டு விரல் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து, உள்ளிருந்து அந்த அழகான மஞ்சள் எட்டிப் பார்த்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அப்பினார். பசை சாயம் பிடிக்குமா? இப்போது வால்நட் கதவில் பூட்டுக்குப் பக்கத்தில் வெளுத்த தேமல். நிலையில் பூட்டின் நாக்கு விழத் தகடு வைத்தாரே, அது ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், மேலே. ஒரே ஒரு நூல்! அதற்காகத்தான் நான் தினமும் கதவைத் தூக்குகிறேன். பித்தளை ஸ்க்ரூ போடச் சொல்லியிருந்தேன், போட்டது இரும்பு. தேவனாம்பட்டினம் கடற்காற்றில் அதற்குள் துரு இறங்கி, தகட்டுக்குக் கீழே கண்மை கரைந்த மாதிரி ஒரு கோடு.

போன் செய்தால் ஆசாரி, “பாலிஷ்காரன் கனமா அடிச்சுட்டான்” என்கிறார். பாலிஷ்காரர், “ஆசாரி அளவு தப்பு சார்” என்கிறார். காசு மட்டும் இருவரும் முழுசாக எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார், தன் பலா எப்படிக் கதவாகியிருக்கிறது என்று பார்க்க. கொல்லைப்பக்கமாகவே கூட்டிவந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.