காட்டுக்கென்று செய்த வண்டியை நம்பிப் பக்கத்து ஊருக்குப் போக முடியவில்லை

வண்டி என்றால் பழுதாகும். தேயும், உடையும், மாற்ற வேண்டி வரும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மலை, மணல், சேறு எல்லாவற்றையும் தாண்டும் என்று சொல்லி விற்ற ஒரு சொகுசு எஸ்யுவியை வாங்கிவிட்டு, செல்போன் சிக்னல் இல்லாத இடத்தின் பக்கம் அதைத் திருப்பவே பயமாக இருக்கிறது என்றால், அப்புறம் எனக்கு எதைத்தான் விற்றார்கள்? இந்த வகை வண்டி வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. எங்கே போய்வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. இப்போது எந்த விளக்கு எரிகிறது என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த வண்டிகளுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஒழுங்காக ஓடுகிற நாளில் இவற்றுக்கு நிகர் கிடையாது. இரண்டரை டன் எடையோடு குண்டும் குழியுமான பாதையில் போனாலும், பின் சீட்டில் தூங்குகிற குழந்தை விழிக்காது. சேற்றில் ஒரு சக்கரம் வெறுமனே சுழல ஆரம்பித்தால், பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு உடனே விசையைத் திருப்பிவிடும். சில மாடல்களில் 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று எழுதியிருப்பதும் பொய் இல்லை, இறங்கி ஏறும். இவ்வளவும் செய்யத் தெரிந்த வண்டி, விரல் நீளச் சென்சார் ஒன்று தப்பாகச் சொன்னதைக் கேட்டு நடுவழியில் கையை விரிக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது ஏர் சஸ்பென்ஷன். சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை இருக்கும். அதற்குக் காற்றுத் தர ஒரு கம்ப்ரஸர். எந்த மூலைக்கு எவ்வளவு காற்று என்று பிரித்துவிட வால்வுகள். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லச் சென்சார்கள். ரப்பருக்கு வயதாகும், மடிப்பு விழுகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு வரும். ராத்திரி முழுக்கக் காற்று மெல்லக் கசியும். காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகக் குந்தியிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் விழுந்தடித்துக்கொண்டு நிரப்பும். ஆனால் ஓய்வில்லாமல் ஓடுவதற்காக அதைச் செய்யவில்லை. தினமும் இப்படி ஓடினால் சூடாகிச் சூடாகித் தேய்ந்து கடைசியில் எரிந்துபோகும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச அதோடு ஓர் உலர்த்தி இருக்கிறது. அதுவும் ஊறிவிட்டால் ஈரம் வால்வு வரைக்கும் போய்விடும். ஒரே ஒரு ரப்பர் பையில் ஆரம்பித்த கசிவு, கவனிக்காமல் விட்டால் மொத்த அமைப்பையும் தின்றுவிடும்.

நான் கவனிக்காமல் விடவில்லை. வண்டி சாய்கிறது என்று போட்டோவோடு போய் நின்றேன். சில நாள் உள்ளே வைத்திருந்துவிட்டு, "ஸ்கேன் பண்ணிட்டோம் சார், ஃபால்ட் எதுவும் பதிவாகலை, இந்த மாடலுக்கு இது நார்மல்தான்" என்று சாவியைக் கையில் கொடுத்தார் சர்வீஸ் அட்வைசர். நிறுத்திவைத்தால் ஒரு மூலை மட்டும் படுத்துக்கொள்வது எந்த மாடலுக்கு நார்மல்? ரப்பர் பைமேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் குமிழி வருகிற இடத்தில் கசிவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். பஞ்சர் ஒட்டுகிற எவரும் செய்கிற சோதனை அது. அதைச் செய்ய ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. ஸ்கேனரில் குறியீடு வந்தால்தான் அது பழுது. வண்டிக்காரன் கண்ணால் பார்த்ததற்கு அங்கே மதிப்பே இல்லை.

அப்புறம் கம்ப்ரஸர் எரிந்தது. எரிந்தபோது வாரண்டி முடிந்திருந்தது. அதே மேசை, அதே ஆள். "இது ரொம்ப நாளாவே கசிஞ்சிருக்கு சார், நீங்க அப்பவே கொண்டுவந்திருக்கணும்" என்கிறார். அப்போதே கொண்டுவந்தேனே ஐயா! உங்கள் ஜாப் கார்டிலேயே தேதியோடு இருக்கிறதே! அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதில் "வாடிக்கையாளர் சந்தேகம், குறை ஏதும் காணப்படவில்லை" என்று எழுதியிருந்தார்கள். நான் படம் பிடித்துக் காட்டிய சாய்வைச் சந்தேகம் என்று எழுதி மூடிவிட்டு, பிற்பாடு அதையே என் அலட்சியம் என்று என் தலையில் கட்டுகிறார்கள். கம்ப்ரஸர் எரிந்ததைவிட இதுதான் எனக்கு வலித்தது.

சஸ்பென்ஷன் முழுசாகக் கைவிடும்போது வண்டி என்ன செய்யும் என்பதையும் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்கும்போது ஒரு மணிச்சத்தம் கேட்கும், திரையில் மஞ்சள் எழுத்து வரும், வண்டி மெதுவாகக் கீழே இறங்கும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று எச்சரிக்கும். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போகின்றன. ஒவ்வொரு குழிக்கும் அடி நேராக முதுகெலும்பில் விழுகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. அவரிடம் "ஒண்ணுமில்லைம்மா, சரியாகிடும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். தார்ச் சாலையில் நடந்ததால் வீடு வந்து சேர்ந்தோம். இதுவே பாறைப் பாதையில் நடந்திருந்தால்? வண்டியின் வயிறு கல்லில் உட்கார்ந்துவிடும், அங்கிருந்து நகரவே முடியாது. உயரம்தான் ஆஃப்ரோடு வண்டியின் உயிர். அந்த உயிரையே ஒரு ரப்பர் பையிலும் ஒரு கம்ப்ரஸரிலும் கட்டித் தொங்கவிட்டு, கெட்டுப்போனால் கையால் தூக்கி நிறுத்த ஒரு வழிகூட வைக்காமல் விற்பது என்ன நியாயம்?

சொகுசு வேண்டுமென்றால் இதெல்லாம் தவிர்க்க முடியாது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1970-இல் முதல் ரேஞ்ச் ரோவர் வந்தபோது நான்கு சக்கரத்திலும் இரும்புச் சுருள்தான். எப்போதும் நான்கு சக்கர ஓட்டம், ரப்பர் தரைவிரிப்பு, தண்ணீர் பீய்ச்சிக் கழுவக்கூடிய உள்புறம். அந்த வண்டிக்கு ஏர் சஸ்பென்ஷன் வந்தது 1992-இல். அதற்கு முந்தைய இருபது வருஷமும் அதை யாரும் சொகுசு இல்லாத வண்டி என்று தள்ளவில்லை. 1979-இல் வந்த மெர்சிடிஸ் ஜி-வேகனைப் பாருங்கள். 2018-இல் அதை அடியோடு புதுப்பித்தார்கள், முன் அச்சைக்கூட மாற்றினார்கள், தோல் சீட்டும் பெரிய திரைகளும் வைத்தார்கள். ஆனால் பெட்ரோல், டீசல் வகைகளில் இரும்புச் சுருளும், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை போகும்படி பூட்டுகிற மூன்று டிஃப்ரென்ஷியல் லாக்கும் அப்படியே இருக்கின்றன. சொகுசும் இருக்கலாம், நம்பிக்கையும் இருக்கலாம். நிறுவனங்கள் மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சக்கரத்துக்கு வருகிறேன். அந்த முதல் ரேஞ்ச் ரோவர் 16 அங்குலச் சக்கரத்தில் ஓடியது. இன்று 22, 23 அங்குலம் வரை வந்துவிட்டது. 23 அங்குல ரிம்மில் 285/40 அளவு டயர் (அகலம் 285 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 40 சதவீதம்) போட்டால், தரைக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கிற ரப்பர் சுமார் 114 மில்லிமீட்டர். மணலில் போக வேண்டுமானால் டயரில் காற்றை நன்றாக இறக்க வேண்டும், அப்போதுதான் டயர் பரந்து மிதக்கும். இவ்வளவு குறுகின பக்கவாட்டில் காற்றை இறக்கினால் முதல் கல்லிலேயே ரிம் அடிவாங்கும். சாலைக் குழியிலேயே ரிம் வளைந்த கதை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! மணலுக்கென்று ஒரு மோட் பொத்தானும், மணலுக்கு ஆகவே ஆகாத சக்கரமும் ஒரே வண்டியில். இதை யோசித்துத்தான் பூட்டினார்களா?

ஸ்டெப்னி விஷயம் இன்னும் மோசம். சில வண்டிகளில் முழு அளவு ஸ்டெப்னிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சிலவற்றில் ஒல்லியான தற்காலிகச் சக்கரம். சிலவற்றில் அதுவும் கிடையாது, ஒரு பாட்டில் பசையும் ஒரு சின்னக் காற்றுப் பம்பும்தான். ஆணி குத்தின ஓட்டையை அந்தப் பசை அடைக்கும். பாறை கிழித்த பக்கவாட்டை எந்தப் பசையும் அடைக்காது. ஆஃப்ரோடில் டயர் கிழிவது பெரும்பாலும் பக்கவாட்டில்தான் என்பது முதல் தடவை போனவனுக்கே தெரியும்.

பேட்டரி. சில நாள் ஓட்டாமல் நிறுத்தினால் போதும், இறங்கிவிடுகிறது. வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்களில் ஏதோ ஒன்று தூங்காமல் விழித்துக்கொண்டே மின்சாரம் குடிக்கிறது. எது என்று கண்டுபிடிக்கப் பொறுமையாக ஒவ்வொரு ஃபியூஸாக அளக்க வேண்டும். அதற்கு யாருக்கும் நேரமில்லை, அதனால் புது பேட்டரியைப் போட்டு அனுப்புகிறார்கள், கொஞ்ச நாளில் அதே கதை. பேட்டரி செத்தால் ரிமோட்டில் கதவு திறக்காது, கியர் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு வராது, மின்சார ஹேண்ட் பிரேக் விடாது. தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. இதை ஏற்ற வருகிற ரிகவரி வண்டிக்காரர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்கே அவர்கள்மேல் இரக்கம் வருகிறது.

கண்ணாடிக் கூரையின் ஓரத்தில் மழைநீர் வடிகிற மெல்லிய குழாய்கள் உண்டு. இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். அங்கேதான் ஒயர்கள் ஓடுகின்றன. முதலில் வாடை வரும், அப்புறம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் வரும். ஒவ்வொரு சர்வீஸிலும் அந்தக் குழாயைச் சுத்தம் செய்வது சில நிமிட வேலை. கேட்காமல் செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

டீசல் என்றால் ஆட்புளூ வேறு. அந்தத் திரவம் தீர்ந்தால், தொட்டி நிறைய டீசல் இருந்தாலும், ஒருதரம் நிறுத்திய எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. டீசல் புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்க அந்த ஏற்பாடு தேவைதான், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் திரவம் இருக்கும்போதே அளவு பார்க்கிற சென்சார் கெட்டு, தீர்ந்துவிட்டது என்று நினைத்து வண்டி தன் கணக்கில் கிலோமீட்டரை எண்ணி இறக்க ஆரம்பிக்கிறதே, அதற்கு நான் என்ன செய்ய? பூஜ்யம் வருவதற்குள் சர்வீஸ் சென்டரை எட்டிப் பிடிக்க வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்தால் மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று வடிவமைத்தவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார்களா?

சரி, வெளியே நல்ல மெக்கானிக்கிடம் போகலாமே என்றால், அங்கேயும் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். பல உதிரிபாகங்களைப் பொருத்தினால் மட்டும் போதாது. அந்த வண்டியின் கம்ப்யூட்டருக்கு அதை அறிமுகப்படுத்த நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். முப்பது வருஷம் எஞ்சினோடு வாழ்ந்த மனிதர், என்ன பழுது என்று சத்தத்தை வைத்தே சரியாகச் சொன்னார், பாகத்தையும் மாட்டினார். கோடிங் செய்யக் கருவி இல்லாததால் வண்டி அந்தப் பாகத்தை ஏற்கவில்லை. கையில் வித்தை இருக்கிற மனிதரை இப்படிக் கைகட்டி நிற்க வைத்ததைப் பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்க முடிந்தவனுக்கு என்ன புலம்பல் என்று கேட்பவர்கள் உண்டு. விலை அதிகம் என்பதால் ஏமாற்றம் குறைந்துவிடுமா? தவிர, இந்த வண்டிகளைப் புதிதாக வாங்குகிறவர்களில் பலர் வாரண்டி முடிவதற்குள் விற்றுவிடுகிறார்கள். விலை இறங்கின பிறகு, வருஷக்கணக்கில் சேர்த்து வைத்து, சின்ன வயசிலிருந்து ஆசைப்பட்ட வண்டி என்று இரண்டாவது கையாக வாங்குகிறவர்தான் மொத்தச் சுமையையும் தூக்குகிறார். அந்த மனிதருக்கு ஒரு கம்ப்ரஸர் என்பது பெரிய அடி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சஸ்பென்ஷன் கெட்டால் காற்றடித்து வண்டியைத் தூக்கி நிறுத்தக் கையால் திருகுகிற ஒரு வால்வு வையுங்கள். இரும்புச் சுருள் வேண்டும் என்பவருக்கு எல்லா மாடலிலும் அதைத் தாருங்கள். முழு அளவு ஸ்டெப்னி இல்லாமல் ஆஃப்ரோடு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். திரை உறைந்துபோனாலும் லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக ஆனால் அதிக இழுவிசையோடு போக உதவும் கியர், போட உண்மையான ஒரு பொத்தான் இருக்கட்டும். பிழைக் குறியீட்டை வண்டிக்காரனே படிக்கும்படி செய்யுங்கள், இது என் வண்டி, அதற்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு. வண்டிக்காரன் ஒரு குறையைச் சொன்னால், அதே சூழ்நிலையில், ராத்திரி நிறுத்திவைத்துக் காலையில் அளந்து பாருங்கள். டேப் ஒன்று போதும்.

இப்போது மறுபடி முன்பக்க இடது மூலை இறங்க ஆரம்பித்திருக்கிறது. தினமும் காலையில் சக்கர வளைவின் உயரத்தை அளந்து எழுதிவைக்கிறேன். இந்த வாரம் வண்டி உள்ளே போகிறது. என் கண்முன்னே சோப்புத் தண்ணீர் தெளிக்காமல், அளவை ஜாப் கார்டில் எழுதாமல், ஸ்கேன் அறிக்கையின் நகலைக் கையில் தராமல் "நார்மல்" என்று சாவியை நீட்டினால், நான் வாங்கப்போவதில்லை. கையெழுத்தும் போடப்போவதில்லை.