குட்டி எடுக்கச் சொல்லுற ஆக்களுக்கு

ஒரு பெட்டைக் குதிரையின்ர வீடியோவுக்குக் கீழ ஆக்கள் எழுதின கூத்தைப் பாத்திருப்பியள். "நல்ல குதிரை, வயசு போகமுதல் ஒரு குட்டி எடுங்கோ." வேண்டாம் எண்டு ஒரு வரி எழுதினன். எனக்குப் பொறாமையாம். சரி, பொறாமைக்காரன் விளக்கமாவே எழுதுறன்.

ஏறி ஓட நல்ல குதிரை எண்டது குட்டி எடுக்கக் காரணம் இல்லை. அதின்ர சாந்தத்தில பாதி பழக்கினவன்ர கை. குட்டிக்குப் போறது எலும்பும் பல்லும் குளம்பும். முன்கால் நேரோ, மேல்தாடை கிளிமூக்கு மாதிரி முன்னுக்கு நிக்குதோ எண்டு அங்க ஒருத்தரும் கேக்கேல்லை. வடிவாம், அவ்வளவுதான்.

சினை ஏறக்குறைய 340 நாள். பாதிக் காலம் மட்டும் மெல்ல ஏறலாம், பேந்து இல்லை. குட்டி போட்டா 5, 6 மாசம் பால். அந்தக் குட்டியில ஆள் ஏற இன்னும் 3, 4 வருசம்.

"மாடு சினைப்படுத்திற மாதிரித்தானே?" இல்லை ஐயா. மாட்டுக்கு ஒரு நாளுக்குள்ள வேட்கை அடங்கீடும். குதிரைக்கு 5, 7 நாள் நிக்கும், கருமுட்டை வாறது கடைசி ஒண்டு ரெண்டு நாளில. ஆட்டில இரட்டை சந்தோசம். குதிரையில இரட்டை எண்டா அனேகமா ரெண்டும் போகும், தாய்க்கும் ஆபத்து. சினைப்பட்டு 14 தொடக்கம் 16 நாளுக்குள்ள ஸ்கான் பண்ணி, இரட்டையெண்டா ஒரு கருவை நசிச்சு விடோணும். பிந்தினா கரு ஒரிடத்தில நிலைச்சிடும், பிரிக்கிறது கஷ்டம்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவு நெடுந்தீவில ஆண் குதிரை சும்மா திரியுதாம், கொண்டுபோய் விடட்டாம். ஒல்லாந்தர் காலத்து லாயம் இடிஞ்சு கிடக்கிற மண்ணில கயிறு காணாமல் வளந்ததுகள் அதுகள். ஒரு உதை போதும், உங்கட பெட்டையின்ர கால் போக.

பிரசவத்துக்கு வருவம். வெள்ளைப் பைக்குப் பதிலா சிவப்பு வெல்வெட் மாதிரி வெளிய வந்தா அந்த நிமிசமே கிழிக்கோணும், இல்லாட்டிக் குட்டிக்கு மூச்சில்லை. குட்டி 1 மணித்தியாலத்தில எழும்போணும், 2க்குள்ள கடும்புப் பால் குடிக்கோணும், தாய்க்கு 3க்குள்ள நஞ்சுக்கொடி விழோணும். மாட்டுக்கு நஞ்சுக்கொடி நிண்டா விடியப் பாப்பம் எண்டு இருப்பியள். குதிரைக்கு அது கருப்பையில அழுகி, விசம் ரத்தத்தில ஏறி, குளம்புக்குள்ள அழற்சியாகி, நீங்கள் புகழ்ந்த அந்த நடையே போயிடும். நல்ல குதிரை எண்டுதானே குட்டி கேட்டியள்?

"எல்லாரும் இப்பிடி நினைச்சா இனம் அழிஞ்சிடும்." உங்கட ஒரு குட்டியாலயோ இனம் தப்பப்போகுது!

அந்தக் குதிரையின்ர ஞாபகமா ஒரு குட்டி வேணும் எண்டு ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. அது மட்டும் எனக்கு விளங்குது. ஆனா பிள்ளை, குட்டியில பாதி தகப்பன்ர. ஆண்குட்டியெண்டா விதையடிக்கோணும். வண்டில் சவாரி மாட்டுக்கெண்டா வாசலில வந்து விலை பேசுவினம். இதை ஆர் வாங்குவினம்? வீடியோவுக்கு ஹார்ட் போட்ட ஆக்களோ?

பொறாமை எண்டு எழுதின அண்ணை, ராவில குதிரைக்கு வரக்கூடிய மிருக வைத்தியர் ஒருத்தற்ற நம்பரைக் கீழ போடுங்கோ. பேந்து ஆண் குதிரையைப் பற்றிக் கதைப்பம்.