லயம் இருந்த இடம்: பழைய டோபோ தாள்களைத் திறந்து விடுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் என் மகனையும் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரின் வடக்கே ஈசூனுக்கும் செம்பவாங்குக்கும் நடுவே இரண்டு மணி நேரம் சுற்றினேன். அப்பாவுக்கு 77 வயது. அந்தப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர், தாத்தா பால்வெட்டுத் தொழிலாளி. "மேட்டில் ஏறினா கோயில், இறங்கினா ஓடை, ஓடையைத் தாண்டினா சீனக் கம்பம்" என்று அப்பா வழி சொல்லிக்கொண்டே வந்தார். மேடு இல்லை, ஓடை இல்லை, கம்பமும் (சீனர்களின் கிராமமும்) இல்லை. எங்கே திரும்பினாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளும் கார் நிறுத்துமிடங்களும்தான். மகன் கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி "இங்கேயா தாத்தா, இங்கேயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அது தாங்கவில்லை. ஏனென்றால் என் வேலையே இதுதான். பதினைந்து வருடமாக ஒரு சிறிய நில அளவை நிறுவனத்தில் வரைபடம் வரைகிறேன். பெற்ற அப்பா பிறந்த இடத்தைக் காட்ட முடியவில்லை என்றால் எப்படி?

அந்த வாரமே எங்கள் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணனைக் கேட்டேன். அவரிடம் 1950களின் டோபோ தாள் ஒன்றின் ஸ்கேன் இருந்தது. டோபோ தாள் என்றால் தெரியாதவர்களுக்கு: வெறும் சாலை வரைபடம் இல்லை அது. சம உயரக் கோடுகளால் மேடு பள்ளத்தைக் காட்டும், ஓடை, சதுப்பு நிலம், ரப்பர், தென்னை, இடுகாடு, கோயில், லயங்கள் என்று தரையில் இருப்பதை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டுக் காட்டும். அதை இன்றைய வரைபடத்தின் மேல் சரியாகப் பொருத்த வேண்டும். நாங்கள் ஜியோரெஃபரன்ஸ் என்று சொல்வோம். அப்போதும் இப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் சில புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு தாளை அவற்றில் ஆணி அடிப்பது மாதிரியான வேலை. நகரத்துக்குள் என்றால் எனக்குக் கோயில்கள்தான் கை கொடுக்கும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-இலிருந்து அதே இடத்தில் நிற்கிறது, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனும் நகரவில்லை. வடக்கே அந்த வசதி இல்லை. 1924-இல் திறந்த ஜொகூர் கடற்பாலத்தின் முனை, பழைய ரயில் பாதை, நீர்த்தேக்கத்தின் அணை, அதிகம் மாறாத சில சாலை வளைவுகள், இவற்றை வைத்துத்தான் பொருத்தினேன். பழைய தாள்களை வரைந்த அளவு முறை வேறு, இன்று நம் நில அளவை நடக்கும் எஸ்விஒய்21 என்ற முறை வேறு, போதாக்குறைக்குக் காகிதம் வேறு சுருங்கியிருக்கும். நான்கு இரவுகள் ஆயின.

ஐந்தாம் இரவு அப்பாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். அருகருகே மூன்று குட்டைக் கறுப்புக் கோடுகள், சுற்றிலும் ரப்பர் குறி, மேற்கே மெல்லிய நீலக் கோடாக ஓடை வளைந்து போகிறது. அப்பா விரலை வைத்து, "இதுதாம்மா, இந்த வளைவுதான், இங்கதான் நாங்க குளிப்போம்" என்றார். அந்த வளைவு இன்று இல்லை. ஓடையை நேராக்கி சிமென்ட் கால்வாயாகக் கட்டியிருக்கிறார்கள், நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை அதன் மேலேயே காரை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறோம்.

சரி, சொந்தக் கதை போதும், எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அரசாங்கத்திடம் இருக்கும் பழைய டோபோ தாள்கள், பழைய நகர வரைபடங்கள், விமானத்தில் இருந்து எடுத்த படங்கள், இவை எல்லாவற்றையும் வரைபடத் தொழிலில் இருக்கும் பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம், தன்னார்வலர் எல்லாருக்கும் ஒரே நிபந்தனையில், ஆயங்கள் (ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்கள்) பொருத்திய தரவாகத் திறந்துவிட வேண்டும். படமாக அல்ல, தரவாக. அப்படித் திறக்கும்போது அந்தந்த இடத்தில் வாழ்ந்த மக்கள் வைத்திருந்த பெயர்களும், தமிழ்ப் பெயர்கள் உட்பட, அதில் ஏற வேண்டும்.

அரசாங்கம் எதுவுமே தரவில்லை என்று சொன்னால் அது பொய். சிங்கப்பூர் நில ஆணையம் 2010-இல் தொடங்கிய ஒன்மேப் என்ற இணைய வரைபடம் இன்று நம் அன்றாடத்தில் கலந்துவிட்டது. பிள்ளையைத் தொடக்கநிலை ஒன்றில் சேர்க்கும் பெற்றோர் எல்லாருக்கும் தெரியும், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறதா இரண்டுக்குள் இருக்கிறதா என்று நெஞ்சு படபடக்கப் பார்ப்பது அதில்தான். அந்தத் தரவை நிரல் எழுதுபவர்களும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். 2011 முதல் அரசுத் தரவுகளுக்கென்றே தனி இணையத்தளம் இருக்கிறது. அதில் உள்ள திறந்த தரவு உரிமம், மூலத்தைக் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது. தேசிய ஆவணக் காப்பகம் பழைய வரைபடங்களை இணையத்தில் பார்க்க வைத்திருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் (என்யுஎஸ்) நூலகம் பழையதை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கும் பக்கமும் வைத்திருக்கிறது. இதற்கெல்லாம் உழைத்தவர்களுக்கு மனசார நன்றி சொல்கிறேன்.

ஆனால் இன்றைய சாலையும் இன்றைய கட்டடமும் தரவாகக் கிடைக்கும் அளவுக்கு நேற்றைய நிலம் கிடைப்பதில்லை. பார்க்கலாம் என்பதும் பயன்படுத்தலாம் என்பதும் வேறு வேறு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு வேலைக்காகப் பழைய தாள்கள் சில வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். வந்து பாருங்கள், ஆனால் அதிலிருந்து கோடு வரைந்து வெளியிட எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும் என்றார்கள். படிவம் கொடுத்தேன், அது இன்னொரு இடத்துக்குப் போனது, அங்கிருந்து மூன்றாவது இடத்துக்கு. எட்டு மாதம். வேலை முடிந்து வாடிக்கையாளர் போய்விட்டார், பதில் வரவே இல்லை. அங்கே இருந்தவர்களைக் குறை சொல்லவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். இந்தத் தாளுக்கு யார் பொறுப்பு என்று அவர்களுக்கே தெளிவாக இல்லை, அவ்வளவுதான்.

இது ஏதோ பழங்கதை பேசுபவர்களின் ஆசை என்று நினைக்காதீர்கள். 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சாலை ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கிறது, பக்கத்தில் ஓடிய ஓடைதான் பிறகு ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆனது. பழைய டோபோ தாளைப் பார்க்கும் எவருக்கும் மழைநீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று ஒரு நொடியில் புரியும், இன்றைய வரைபடத்தில் கடைகளின் பெயர்தான் தெரியும். 1960களில் இந்தத் தீவு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர், இப்போது 730-க்கும் மேல். கூடுதல் நிலம் முழுக்கக் கடலை நிரப்பி எடுத்தது. கரை எங்கே இருந்தது, சதுப்பு எங்கே இருந்தது என்பது கட்டடம் கட்டுபவருக்கும் குழாய் பதிப்பவருக்கும் தெரிய வேண்டிய அடிப்படை. தெலுக் ஆயர் தெரு நாகூர் தர்கா வாசலில் நின்று பாருங்கள். அது கட்டிய காலத்தில் எதிரே கடல், நம் ஆட்கள் கப்பலில் வந்து இறங்கிய கரை அது. இன்று எதிரே கோபுரக் கட்டடங்கள். ஒரு டாக்ஸிச் செயலியோ சுற்றுலாச் செயலியோ அந்தப் பழைய கரையை ஒரு கோடாகக் காட்டினால் எத்தனை பேருக்கு அந்தத் தர்கா ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும்!

மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். அமெரிக்காவின் புவியியல் ஆய்வுத் துறை 1884 முதல் அச்சிட்ட டோபோ தாள்கள் 170,000-க்கும் மேல் ஸ்கேன் செய்து, ஆயங்களோடு இலவசமாகக் கொடுக்கிறது. அதை எடுத்து வரைபட நிறுவனங்கள் எத்தனையோ செய்திருக்கின்றன, யாரும் அனுமதிப் படிவத்தோடு அலையவில்லை. பிரிட்டனில் அரசின் வரைபட அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வே தன் தரவுகளைப் பல காலம் காசுக்குத்தான் விற்றது. அந்தக் கடுப்பில்தான் 2004-இல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடம் பிறந்தது, மக்களே தெருத்தெருவாக நடந்து வரைந்தார்கள். 2010 ஏப்ரலில் ஆர்டனன்ஸ் சர்வே ஒரு பகுதித் தரவைத் திறந்துவிட்டது. ஸ்காட்லந்தின் தேசிய நூலகம் பழைய தாள்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தி எல்லாருக்கும் காட்டுகிறது, என் மாதிரி ஆட்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம்.

இந்தியாவையும் சொல்ல வேண்டும். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த அந்த மாபெரும் முக்கோண அளவையின் முதல் அடிக்கோட்டை லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் 1802-இல் அளந்தது சென்னையில், பரங்கிமலைப் பக்கத்தில். நம் ஊர்க்காரர்கள் சங்கிலி பிடித்த வேலை அது. அப்படிப்பட்ட நாட்டிலேயே டோபோ தாள் வாங்குவது பெரும் பாடாக இருந்தது. 2021 பிப்ரவரியில் விதிகளைத் தளர்த்தி, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடத் தரவைச் சேகரிக்கலாம், வெளியிடலாம் என்று அறிவித்தார்கள். எல்லைச் சிக்கலும் பாதுகாப்புக் கவலையும் நம்மைவிடப் பல மடங்கு உள்ள நாடு அது.

பாதுகாப்பு என்றதும் நம் ஊரிலும் அந்தக் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். பிற்காலத்தில் இங்கே டோபோ தாள்களைத் தயாரித்தது தற்காப்பு அமைச்சின் வரைபடப் பிரிவு. சின்னத் தீவு, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு காரணம் இருக்கும். இன்றைய தாளைத் திற என்று நான் கேட்கவே இல்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய தாளில் இருக்கும் லயமும் ஓடையும் தென்னந்தோப்பும் யாருக்கு என்ன ரகசியம் சொல்லும்? இன்னும் பாதுகாப்புக் கவலை உள்ள இடம் ஏதாவது இருந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், மீதியைக் கொடுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். திறக்கிறோம் என்று சொல்லிவிட்டு, இரண்டு மூன்று பெரிய நிறுவனங்களோடு தனி ஒப்பந்தம் போட்டு அவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டால்? அவர்களிடம் பணம் இருக்கிறது, ஸ்கேன் செய்கிறோம், பொருத்துகிறோம், உங்களுக்குச் செலவில்லை என்று சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பொருத்திய தரவு அவர்கள் கைக்குள் போய்விடும், நாளைக்கு என் மாதிரி ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனம் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், தமிழ் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் காட்ட நினைத்தால் உரிமம் கேட்க வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் அளந்த நிலம் அது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தட்டும், லாபமும் சம்பாதிக்கட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் பொருத்திய தாள் பொதுவில் இருக்க வேண்டும். ஒன்மேப்பில் ஒரு லேயராக 1950கள், 1960கள், 1970கள் என்று வைத்து, ஏற்கெனவே இருக்கும் அதே திறந்த உரிமத்தில் கொடுத்தால் போதும். புது உரிமம்கூட எழுத வேண்டியதில்லை.

அப்புறம் பெயர்கள். இதில்தான் எனக்கு அதிக ஆதங்கம். அளவைத் துறைத் தாளில் இருப்பது அளவைக்காரர் எழுதிய பெயர், கடற்படைத் தளப் பகுதியில் கேன்பரா, வெலிங்டன் என்று காமன்வெல்த் நகரங்களின் பெயர்கள். நம்மவர்கள் அவற்றை அப்படியா கூப்பிட்டார்கள்? சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததால் அதைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள், வீரமாகாளியம்மன் கோயிலையே சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றுதான் சொன்னார்கள். மார்க்கெட் ஸ்திரீட் நமக்குச் செட்டித் தெரு. 1891-இல் ஹாட்டன் என்ற ஆங்கில அதிகாரி இப்படி மக்கள் வழங்கிய தெருப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார், அதனால் நகரத்துப் பெயர்களாவது கொஞ்சம் தப்பின. தோட்டங்களையும் ரயில்வே குடியிருப்புகளையும் யார் தொகுத்தார்கள்? 2011-இல் தஞ்சோங் பகார் வரை ஓடிய பழைய மலாயா ரயில் நின்றது, தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதை போட்டார்கள், நானும் அதில் நடக்கிறேன், அருமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாதையோரம் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் தங்கள் இடத்தை என்ன பெயரில் சொன்னார்கள் என்று அதில் நடக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாள் திறந்திருந்தால் ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து விரல் வைக்கச் சொல்லலாம். தாள் இல்லாமல் கேட்டால் "அங்கே ஒரு மேடு இருந்தது" என்பதோடு நின்றுவிடும், எங்கள் அப்பா காரில் பேச்சை நிறுத்திய மாதிரி. தாளைப் பார்த்ததும் அவருக்கு வந்த பெயர்கள் எத்தனை தெரியுமா? மேல் லயம், கீழ் லயம், கங்காணி வீடு, பால் ஸ்டோர், பேய்மரத்து மேடு. ஒரே இரவில் பதினொரு பெயர். இவற்றில் ஒன்றுகூட எந்த அரசு வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை. அவர் தலைமுறைக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது? எட்டு மாதம் படிவத்தோடு காத்திருக்க அவர்களிடம் நேரம் இல்லை.

வரும் சனிக்கிழமை அப்பாவோடு அதே தோட்டத்தில் வளர்ந்த இரண்டு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். தாளைச் சாப்பாட்டு மேசை அளவுக்குப் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறேன், மகன் மூன்று நிறத்தில் பென்சில் சீவி வைத்திருக்கிறான். கோயில் ஓடைக்கு எந்தப் பக்கம் என்பதில் அப்பாவுக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. தாளில் கோயில் குறி இல்லை. அவர்கள் வந்தால் தெரிந்துவிடும் என்கிறார்.