ரூபன் சாலசார்னா அந்த ஒரு நாள் மட்டும் இல்ல

ஆகஸ்ட் 29 வந்துட்டா ரூபன் சாலசார் படத்தை யாராவது ஷேர் பண்ணுவாங்க, லாஸ் ஏஞ்சலஸ்ல போலீஸ் சுட்ட கண்ணீர்ப்புகை குண்டு தலைல பட்டு செத்துப்போன பத்திரிகைக்காரர்னு ரெண்டு வரி, அவ்ளோதான். எனக்கு அதுல ரொம்ப வருத்தம். அந்த மனுஷன் அதுக்கு முன்னாடி 15 வருஷம் நாயா பேயா அலைஞ்சு பண்ணின வேலையை யாருமே பேசறதில்ல.

1928ல மெக்சிகோ பக்கம் சியுதாத் ஹுவாரஸ்ல பொறந்தவர், ஆத்தைத் தாண்டினா டெக்சாஸோட எல் பாசோ, வளர்ந்தது அங்கதான். அந்த ஊரு பத்திரிகைல சேர்ந்த புதுசுல, 1955ல, ஊர் ஜெயில்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ஒரு வேலை பண்ணினார். அழுக்குத் துணி, சவரம் பண்ணாத மூஞ்சி, குடிகாரன் மாதிரி நடிச்சு போலீஸ்ல பிடிபட்டு உள்ள போயிட்டார். 25 மணி நேரம் கைதிங்களோட கைதியா இருந்து, உள்ளயே போதை மருந்து புழங்கறதையும் அந்த நாத்தத்தையும் கண்ணால பார்த்துட்டு வந்து எழுதினார். வயசு 27. அந்த ஜெயில்ல கிடந்தவங்களுக்காகப் பேச ஒரு நாதி இல்லாத காலம் அது.

1959ல லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகைல சேர்ந்தார். 1963லயே நகரத்து மெக்சிகன் அமெரிக்கர்களைப் பத்தி ஒரு தொடர் எழுதினார், ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறவங்களுக்கு பக்கத்துத் தெருவுல யார் இருக்காங்கன்னே அப்பதான் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். அப்புறம் டொமினிகன் குடியரசு, வியட்நாம் போர், மெக்சிகோ சிட்டி ஆபீஸ்னு வெளிநாட்டு நிருபரா போயிட்டார். 1968ல மெக்சிகோ சிட்டில த்லாத்தெலோல்கோங்கிற இடத்துல மாணவர்களை ராணுவம் சுட்டப்பவும் அவர் மெக்சிகோல இருந்து செய்தி அனுப்பிட்டுதான் இருந்தார்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் எடுத்தாரு பாருங்க ஒரு முடிவு, எனக்கு அவர் மேல மரியாதை வந்ததே அதனாலதான். 1970 ஜனவரில அவ்ளோ பெரிய பத்திரிகைல நிருபர் வேலையை விட்டுட்டு கேஎம்இஎக்ஸ்னு ஒரு ஸ்பானிஷ் டிவி சேனலுக்கு நியூஸ் டைரக்டரா போனார். இத்தனை வருஷமா யாரைப் பத்தி எழுதினேனோ அவங்ககிட்டயே நேரா பேசணும்ங்கிறதுதான் அவர் சொன்ன காரணம். யோசிச்சுப் பாருங்க, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு அம்மாவுக்கு இங்கிலீஷ் பேப்பர் படிக்க வராது, தன் பையன் படிக்கிற ஸ்கூல்ல என்ன பிரச்சினை, தெரு முனைல போலீஸ் யாரைப் பிடிச்சாங்க, இதெல்லாம் தன் பாஷைல யாராவது சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்?

அதே சமயம் டைம்ஸ்ல வாராவாரம் எழுதற பத்தியை விடல. பிப்ரவரி 6ஆம் தேதி பத்தில சிகானோன்னா யாருன்னு விளக்கினார், வெள்ளைக்காரன் கண்ணால தன்னைப் பார்த்துக்காத மெக்சிகன் அமெரிக்கன்னு. ஒரு பக்கம் வீட்டு மனுஷங்களுக்கு ஸ்பானிஷ்ல, இன்னொரு பக்கம் ஊருக்கு இங்கிலீஷ்ல, ரெண்டையும் ஒரே ஆள் சுமந்தார். கோஷம் போடல, ரிப்போர்ட்டராவே இருந்தார். அதுதான் கஷ்டமான வேலைன்னு நான் சொல்வேன்.

அந்த வருஷம் ஜூலைல, வேற யாரையோ தேடிப் போன போலீஸ் ஆயுதம் இல்லாத ரெண்டு மெக்சிகோ தொழிலாளிகளை, சாஞ்செஸ் குடும்பத்துப் பசங்களை, சுட்டுக் கொன்னுட்டாங்க. அவரோட சேனல் அதை விடாம போட்டுச்சு. போலீஸ் தரப்புல இருந்து வந்து கொஞ்சம் அடக்கி வாசிங்கன்னு சொல்லிப் பார்த்தாங்க, அவர் அடக்கல.

ஆகஸ்ட் 29, வியட்நாம் போருக்கு எதிரா சிகானோ ஊர்வலம், 20,000 பேருக்கு மேல, குழந்தை குட்டியோட. அந்தப் போரை நேர்ல பார்த்து எழுதினவர் இதையும் எழுத வந்திருந்தார். ஊர்வலம் போய்ச் சேர்ந்த லகுனா பார்க்ல ஷெரீஃப் ஆளுங்க, அதாவது கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) போலீஸ், கூட்டத்தை அடிச்சுக் கலைச்சதும் கலவரம் ஆயிருச்சு. சாயங்காலம் விட்டியர் புல்வார்டுல சில்வர் டாலர்ங்கிற சின்ன பார்ல கூட வேலை பார்க்கிறவரோட போய் உட்கார்ந்தார். வாசல்ல கதவுகூட மூடல, வெறும் திரைதான் தொங்குச்சு. அந்தத் திரை வழியா ஒரு ஷெரீஃப் போலீஸ்காரர் சுட்ட கண்ணீர்ப்புகை குண்டு, சுவரையே துளைக்கிறதுக்குன்னு செஞ்ச 10 இஞ்ச் நீள குண்டு, அவர் தலைல பட்டுச்சு. வயசு 42.

16 நாள் விசாரணை, டிவில நேரலையா காட்டினாங்க. யார் மேலயும் கேஸ் போடல. அப்புறம் குடும்பத்துக்கு கவுன்டி 7,00,000 டாலர் கொடுத்துச்சு. வேணும்னே கொன்னதுக்கு ஆதாரம் இல்லன்னு 2011ல ஒரு அறிக்கை வந்துச்சு. சரி, அப்படியே இருக்கட்டும், உள்ள யார் இருக்காங்கன்னு பார்க்காம அந்த மாதிரி குண்டை ஒரு பாருக்குள்ள சுட்டதுக்கு யாருமே பதில் சொல்லலையே, அதை எப்படி விடறது? லகுனா பார்க்குக்கு அவர் பேரை வச்சாங்க, 2008ல தபால் தலை போட்டாங்க, சந்தோஷம்தான்.

அவரைப் படிக்கணும்னு தோணினா அந்த பார்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. எல் பாசோ ஜெயில்ல இருந்து ஆரம்பிங்க.