அழுததற்குத்தான் இத்தனை சிரிப்பா?

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஆய்வகப் பெண்ணின் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், இங்கே மறுபடி ஒட்டப் போவதில்லை. ஆய்வு முடிந்துவிட்டது, என் சுண்டெலிகள் இனி இல்லை (ஆய்வு முடிந்ததும் அவற்றைப் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள்), வீட்டுக்கு வந்து அழுதேன் என்று நாலு வரி எழுதியிருந்தார். அவ்வளவுதான். அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! 'முதலைக் கண்ணீர்' என்று மட்டும் நாற்பது பேராவது எழுதியிருப்பார்கள். விலங்குகளுக்காகப் பரிந்து பேச வந்த இடத்தில் பாவம் முதலையை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

நானும் ஆறு வருடம் ஒரு அனிமல் ஹவுஸில், அதாவது ஆய்வுக்கான விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் இடத்தில், வேலை பார்த்தவன். இதை இங்கே சொல்லிக்கொண்டதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது இந்த மூன்று நாளில் உங்களுக்கே புரிந்திருக்கும்.

சிரித்தவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தொட்டவள் குற்றவாளி, தொடாத நீங்கள் யோக்கியரா? அந்தச் சுண்டெலியைக் கையில் எடுத்தவள் அவள். அதனால் கிடைத்த மாத்திரையை விழுங்கப் போவது நீங்களும் நானும். நடுவில் பத்து வருடமும் ஒரு மருந்துக்கடையும் இருப்பதால் நம் கை சுத்தமாகிவிடுமா?

'பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதானே' என்று கேட்பீர்கள். விட்டேனே! நான் விட்ட மறுநாளே இன்னொருவர் வந்து அதே கூண்டுகளைத் திறந்தார். நான் போனதால் ஒரு எலிகூடப் பிழைக்கவில்லை.

அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். முன்பெல்லாம் சுண்டெலியை வாலைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படித் தூக்கினால் அதற்குப் பதற்றம் கூடுகிறது, ஒரு குழாய்க்குள் தானாக நுழையவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் குறைகிறது என்று 2010இல் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இருவர் சோதித்துக் காட்டினார்கள். எங்கள் இடத்துக்கு அது மெதுவாகத்தான் வந்துசேர்ந்தது. ஒரு சாண் நீளத்தில், கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குழாய். கூண்டுக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் வாரம் ஒன்றும் பக்கத்தில் வராது. மூன்றாவது வாரம் மூடியைத் திறக்கும்போதே வரிசையில் நிற்கும்.

14ஆம் எண் என்று ஒருத்தி இருந்தாள். மீசையே கிடையாது. சேர்ந்து வாழும் சுண்டெலிகளில் சில, மற்றவற்றின் மீசையைக் கடித்துவிடும். அந்தக் கூண்டில் இவள்தான் ஏமாளி. எடை பார்க்கும் நாளில் குழாய்க்குள் முதலில் ஓடி வருவது இவள்தான். இருபத்தைந்து கிராம்கூட இருக்க மாட்டாள். தராசில் விட்டால் இறங்க மாட்டாள், திரும்பவும் குழாய்க்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வாள்.

கடைசி நாளும் அதே குழாயைத்தான் வைத்தேன். அன்றும் அவள்தான் முதலில் வந்தாள்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியாது. அந்தப் பெண் ஏன் அழுதார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி தெரியும்: 'அப்படியென்றால் விலங்குச் சோதனையை நியாயப்படுத்துகிறாயா?' எலியில் பலித்த மருந்துகள் பெரும்பாலும் மனிதனிடம் வந்து தோற்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். விலங்கு இல்லாமல் முடியும் இடத்தில் விலங்கைத் தவிர்க்க வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வலியைக் குறைக்க வேண்டும் என்று 1959லேயே ரசல், பர்ச் என்ற விஞ்ஞானிகள் இருவரும் எழுதிவைத்துவிட்டார்கள். அதைச் சரியாகச் செய்யாத இடங்களும் உண்டு. அதையெல்லாம் கேளுங்கள், உங்களோடு நானும் நின்று கேட்கிறேன். ஆனால் நீங்கள் யாரும் அதைக் கேட்கவில்லையே. அழுதவளைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

என் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், சித்தப்பா முறை. வீட்டு விசேஷம் ஒன்றில் எல்லோர் முன்னாலும் 'எலி கொல்ற உத்தியோகம் எப்படிப் போகுது?' என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபோது, ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். போட்ட இடமெல்லாம் நீலம் பூத்திருந்தது. பக்கத்திலிருந்து ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டவர் இதே சித்தப்பாதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஹெப்பாரின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்து. ஊசி மருந்துகளில் பாக்டீரியா நஞ்சு கலந்திருக்கிறதா என்று எதை வைத்துப் பல காலமாகப் பார்க்கிறார்கள்? குதிரைலாட நண்டின் நீல ரத்தத்தை வைத்து. உயிரோடு பிடித்து, ரத்தம் எடுத்து, திரும்பக் கடலில் விடுவார்கள். அதில் ஒரு பங்கு செத்தும் போகும். செயற்கையாக ஒரு மாற்று வந்திருக்கிறது, நல்ல விஷயம். சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அம்மா பிழைத்தால் போதும் என்று இருந்தது. அந்தப் பெண்ணின் பதிவில் சிரித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன், மறைப்பானேன்.

'நான் மாமிசமே தொடுவதில்லை, எனக்கு இது பொருந்தாது' என்பவர்களுக்கு: மதிக்கிறேன். பால், முட்டை, தோல் எதையும் தொடாதவர் என்றால் இன்னும் மதிக்கிறேன். முட்டை மட்டும் சாப்பிடுபவர் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். முட்டைக்கென்று வளர்க்கும் இனத்தில் சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் ஆகாது. பொரித்த அன்றே தரம் பிரித்துக் கொன்றுவிடுவார்கள். ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து இதைத் தடை செய்திருக்கிறது. பெரும்பாலான இடங்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. குஞ்சுகள் வரிசையாக வரும் பெல்ட் பக்கத்தில் நின்று குஞ்சுகளைப் பிரிப்பவர் ஒருநாள் அழுது பதிவு போட்டால் அவருக்கும் இதே சிரிப்புதானே கிடைக்கும்? அப்புறம் யார்தான் வாயைத் திறப்பார்கள்?

காட்டு யானைப் படத்தைப் பகிர்ந்து 'இயற்கையை நேசிப்போம்' என்று எழுதுபவர்களுக்கும் ஒன்று. பூமியிலுள்ள பாலூட்டிகளை எல்லாம் எடை போட்டால் ஏறக்குறைய 60 சதவீதம் நாம் வளர்க்கும் கால்நடை, 36 சதவீதம் நாம், திமிங்கிலம் யானை எல்லாம் சேர்த்துக் காட்டுயிர் 4 சதவீதம் என்று 2018இல் ஒரு கணக்கு வந்தது. அந்த 60ஐ அங்கே கொண்டுபோய் நிறுத்தியது ஆய்வகப் பெண் இல்லை.

அன்பு இருந்தால் போதும் என்பவர்கள் பாறு கழுகின் கதையையாவது படியுங்கள். வலியில் கிடந்த மாட்டுக்கு இரக்கப்பட்டு டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைப் போட்டார்கள். மாடு செத்தது, கழுகு தின்றது, அதன் சிறுநீரகம் கெட்டது. தெற்காசியாவில் சில இனங்கள் 95 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. காரணம் 2004இல் தெரிந்தது, 2006இல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் மாட்டு மருந்தாக அதைத் தடை செய்தன. சரி, பதிலுக்கு மெலாக்சிகாம் என்ற இன்னொரு வலி மருந்தைப் போட்டால் கழுகுக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கழுகுகளைப் பிடித்து வைத்து, அவற்றுக்கே அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்துத்தான். கொடுத்தவருக்கு அன்றைக்குக் கை நடுங்கியிருக்காதா? அவரையும் பார்த்துச் சிரியுங்கள்.

எங்கோ ஆரம்பித்து எங்கோ போய்விட்டேன், தெரிகிறது. கமெண்ட்டில் 'உன் குற்ற உணர்ச்சிக்கு எங்களைக் கூட்டுச் சேர்க்காதே' என்று யாராவது எழுதுவீர்கள். ஆமாம், கூட்டுத்தான் சேர்க்கிறேன். ஆறு வருடம் தனியாகச் சுமந்தாயிற்று. பங்கு உங்களுக்கும் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் பதிவை நீக்கிவிட்டதாக ஒரு நண்பர் சொன்னார். போய்ப் பார்த்தேன், இல்லை. 14ஐப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை, வீட்டில்கூட. இந்தப் பதிவை நீக்க மாட்டேன். சித்தப்பா, நீங்களும் வந்து சிரித்துவிட்டுப் போகலாம்.