அவள் கையை இழுத்துக்கொண்டது சரிதான்

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்று காலை அதே காணொளி மறுபடியும் என் பக்கத்தில் வந்து நின்றது. மேலே ஒரு வாசகம்: "மன்னிக்கத் தெரியாதவர்களுக்கு நிம்மதி ஏது?" கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், இதயங்கள். அதில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்தார். அவளைப் பற்றிக் கண்டபடி பேச்சைப் பரப்பியவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். "பழையதை மறப்போம்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே ஒருங்கிணைப்பாளர் இவள் மணிக்கட்டைப் பிடித்து அவர் கையோடு சேர்க்கப் பார்த்தார். இவள் கையை இழுத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. கீழே இறங்கி, நாற்காலியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இதற்குத்தான் கல்நெஞ்சக்காரி என்று பட்டம் கட்டுகிறீர்கள்.

அந்தக் காணொளியைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒருங்கிணைப்பாளரின் கட்டைவிரல் அவள் மணிக்கட்டில் அழுந்தியிருப்பது தெரியும். பேச்சைப் பரப்பியவரோ பரிசு வாங்க வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறார். முதலிலிருந்து கடைசி வரை கேட்டுவிட்டேன். "நான் செய்தது தவறு" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவளைப் பற்றி அவர் என்னவெல்லாம் பரப்பினார் என்பதை இங்கே திரும்ப எழுதமாட்டேன். எழுதினால் நானும் பரப்பியதாகிவிடும். அந்தப் பேச்சால் அவள் வேலையை விட வேண்டியிருந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் கை தட்டினீர்கள்.

மன்னிப்பதா வேண்டாமா, எப்போது, யாருக்கு முன்னால் என்பதையெல்லாம் அடிபட்டவர்தான் முடிவு செய்ய வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் ஓட்டுரிமை கிடையாது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

"மன்னித்தால் மனசுக்கும் உடம்புக்கும் நல்லது என்று ஆராய்ச்சியே சொல்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல்கிறது, நானும் படித்திருக்கிறேன். 2001இல் விட்வ்லீட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு அது. தங்களைப் புண்படுத்தியவரை நினைத்து வன்மத்தை அசைபோட்டபோது பங்கேற்றவர்களின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடின. மன்னிப்பதாகக் கற்பனை செய்தபோது அந்த அளவுக்குக் கூடவில்லை. நல்லது. ஆனால் அவர்கள் தங்கள் மனதுக்குள் நினைத்துப் பார்த்தார்கள். புண்படுத்தியவரை எதிரே நிறுத்தி யாரும் அவர்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆராய்ச்சியைக் காட்டுபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் காட்டுங்கள். புதிதாகத் திருமணமானவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து மெக்நல்ட்டி என்பவர் 2011இல் எழுதினார். எளிதில் மன்னிக்கும் இயல்புள்ளவர்களின் துணைகள் காட்டிய வன்முறை காலப்போக்கில் குறையாமல் அப்படியே இருந்தது. அவ்வளவு எளிதில் மன்னிக்காதவர்களின் துணைகளிடம் அது குறைந்தது. இதை யாரும் பூப்படம் போட்டுப் பகிர்வதில்லை.

அடுத்து தென்னாப்பிரிக்கா. இந்த வாரம் அந்நாட்டுப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் பெயரை எத்தனை பேர் எடுத்துவிட்டீர்கள்! அவர் மீது எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்களை விசாரிக்க அவர் தலைமை தாங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் பொதுமன்னிப்புக் கேட்டு வந்தவர் தான் செய்ததை முழுவதுமாக, மறைக்காமல், பகிரங்கமாகச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு. நம் மேடையில் அந்த முதல் படியே இல்லை. இன்னொன்று: 1977இல் போலீஸ் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பம் இந்தப் பொதுமன்னிப்பு ஏற்பாட்டையே எதிர்த்து 1996இல் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கில் தோற்றார்கள். ஆனாலும் 1999இல் பிகோ வழக்கில் தொடர்புடைய போலீஸ்காரர்களுக்கு ஆணையம் பொதுமன்னிப்பு தர மறுத்துவிட்டது. பிகோவின் மனைவியையும் கல்நெஞ்சக்காரி என்பீர்களா?

கிளாடிஸ் ஸ்டெயின்ஸை உதாரணம் காட்டியவர்களுக்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குத் தொண்டை அடைக்கும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவரான ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு சிறு மகன்களையும் உயிரோடு எரித்தார்கள். அந்தப் பெண்மணி கொன்றவர்களை மன்னித்தார். எந்த ஒருங்கிணைப்பாளரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. அவர் தன் நம்பிக்கையிலிருந்து, தன் துக்கத்துக்குள்ளிருந்து அதைச் சொன்னார். அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவும் இல்லை. முதன்மைக் குற்றவாளிக்கு 2003இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது, உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மன்னிப்பு ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம். அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி இந்தப் பெண்ணை மிரட்டாதீர்கள். அவர் செய்தது அவருடைய மன்னிப்பு. அதை இன்னொருத்தியின் தலையில் கடனாக எழுதி வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

"நீயே உன் அண்ணனை மன்னித்துவிட்டதாக எழுதியவள்தானே" என்று நேற்று ஒரு தோழி உள்பெட்டியில் கேட்டாள். அவள் கேட்டது வலித்தது. என்றாலும் சொல்கிறேன்.

அப்பா நினைவு தப்பித் தப்பிப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் அண்ணன் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கினான். அந்தப் பத்திரத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து எப்போதும் கோடு போட்ட மாதிரி நிற்கும். இதில் முதல் எழுத்து ஓரிடத்தில் இருக்கிறது, மீதியெல்லாம் கீழே சரிந்து அச்சடித்த வரியின் மேலேயே ஏறிக் கிடக்கிறது. பேனாவை யாரோ பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பல வருடங்கள் நான் அந்தக் கையெழுத்தோடுதான் வாழ்ந்தேன். தலை வாரும்போதும் பஸ்ஸில் போகும்போதும் மனதுக்குள் அண்ணனோடு வாதாடிக்கொண்டே இருந்தேன். அவன் பேச வேண்டியதையும் நானே பேசி, அதற்குப் பதிலும் நானே சொல்லி.

அந்த வருடங்களில் அத்தை தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பேச்சு: "கூடப் பிறந்தவன்தானேம்மா, நீதான் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும்." ஒவ்வொரு முறை அவர் அப்படிச் சொல்லும்போதும் எனக்குள் அடங்கிக்கொண்டிருந்தது மறுபடி கொதித்தெழும். அண்ணனிடம் அத்தை ஒரு முறையாவது "நீ ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்டதில்லை. அவனிடம் கேட்கப் பயம், என்னிடம் கேட்கச் சுலபம். அத்தை என் நல்லதற்குத்தான் சொன்னார் என்பீர்கள். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. என் நிம்மதி அவர் கணக்கில் இல்லவே இல்லை.

அத்தை அப்படிச் சொல்வதை நிறுத்திய பிறகுதான் என்னால் மன்னிக்க முடிந்தது. யாரும் கேட்காத ஒரு சமயத்தில், அண்ணனோடு வாதாடாமல் ஒரு நாள் முழுவதும் கழிந்துவிட்டதை இரவில்தான் கவனித்தேன். பிறகு அப்படிப்பட்ட நாட்கள் கூடின. அவன் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு நாள் நினைத்தேன், மனதார நினைத்தேன். அது நிம்மதிதான். மன்னிப்பால் நிம்மதி வரும் என்பதை நான் மறுக்கவே இல்லை, எனக்கு வந்திருக்கிறது. ஆனால் பாகப்பிரிவினை வழக்கை நான் வாபஸ் வாங்கவில்லை. அவன் வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. "மன்னித்தவள் வழக்கை ஏன் நடத்துகிறாய்?" என்று மாமா கேட்டார். கோபம் தீர்ந்தது மாமா, கணக்கு தீரவில்லை என்றேன். அதிலிருந்து அவரும் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

"அவரும் மனிதர்தானே, எத்தனை நாள் ஒதுக்கி வைப்பது?" என்று அந்த மேடையில் சிரித்துக்கொண்டு நின்றவருக்காகச் சிலர் கேட்கிறீர்கள். யார் ஒதுக்கி வைத்தார்கள்? மேடையில் இருப்பவர் அவர். வேலையை விட்டது அவள்.

உங்களில் சிலர் உண்மையிலேயே அவள் மீது அக்கறையால்தான் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பி "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேட்டிருக்கலாம். திங்கட்கிழமை இரவு நான் பேசியபோது அப்படிக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தேன். அவள் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். ஒருவேளை அவள் உள்ளுக்குள் மன்னிக்கத் தொடங்கியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அதையும் கெடுத்துவிட்டது.

ஒருங்கிணைப்பாளர் நல்ல எண்ணத்தில் செய்தார் என்று எனக்கு விளக்கம் எழுத வேண்டாம். அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டும். மைக் இல்லாமல், கூட்டம் இல்லாமல். கேட்டுவிட்டு அவள் ஏற்றுக்கொண்டாளா என்று எங்களுக்கு அறிவிக்கவும் வேண்டாம். காணொளியைப் பகிர்ந்தவர்கள் இன்றைக்குள் எடுத்துவிடுங்கள். அவள் முகம் அதில் இருக்கிறது, அவளிடம் நீங்கள் யாரும் அனுமதி கேட்கவில்லை. நாளையும் அது உங்கள் பக்கத்தில் இருந்தால், நம் பழக்கம் எத்தனை வருடமானாலும் சரி, பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன். அதற்காக என்னை மன்னிக்கத் தெரியாதவள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.